படத்தில் விழாத ஜவ்வு

பந்தியில் பரிமாறுகிறவருடைய கை கவிழ்ந்திருக்கும். பிரசாதம் வாங்குகிறவருடைய கை மலர்ந்திருக்கும். கவிழ்ந்த கை மலர்வதற்கும் மலர்ந்த கை மறுபடி கவிழ்வதற்கும் இடைப்பட்ட அந்த அரைச் சுற்று மணிக்கட்டில் நிகழ்வதாகவே பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவேயுள்ள முன்கையில், அருகருகே படுத்திருக்கும் இரண்டு நெடிய எலும்புகளுள் ஒன்று மற்றொன்றின்மேல் குறுக்கே சாய்ந்து புரள்வதனால் உண்டாகிறது. புரளாமல் நிற்பது சுண்டுவிரல் பக்கத்து எலும்பு. அதற்கு ஐரோப்பிய சரீர சாஸ்திரிகள் வழங்கிய அல்னா என்னும் பெயர், லத்தீனில் முழங்கையையும் அதைக்கொண்டு அளக்கும் அளவையையும் ஒருசேரக் குறிப்பது. பூக்காரி கையை மடக்கி மல்லிகையை முழம் போடுகிறபோது அந்தப் பெயரின் நியாயம் நமக்கும் விளங்கிவிடும். புரளுகின்ற கட்டைவிரல் பக்கத்து எலும்புக்கு வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலைக் குறிக்கும் ரேடியஸ் என்ற பெயரை அவர்கள் வைத்தார்கள். நாமும் அதை ஆரை எலும்பு என்கிறோம்.

இவ்விரண்டையும் மேலிருந்து கீழ்வரை பிணைத்து நிற்கும் அகன்ற நார்த்தகடு ஒன்றுண்டு. ஏட்டில் எலும்பிடைச் சவ்வு என்று எழுதுவார்கள். விளையாடி விழுந்து வந்தவன் வீட்டில் சொல்வது "ஜவ்வு கிழிஞ்சு போச்சாம்" என்பதுதான். கயிற்றுக் கட்டிலைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பைச் சொல்வது எளிது. இரு பக்கச் சட்டங்களுக்கு நடுவே கயிறு சாய்வாக ஓடி இழுத்துக் கட்டியிருப்பதுபோல, அதன் நார்கள் ஆரை எலும்பில் மேலே தொடங்கி அல்னாவில் சற்றுக் கீழே போய் முடிகின்றன. சாய்வுக்குக் காரணம் இருக்கிறது. மனிதன் கீழே விழும்போது கையை ஊன்றுகிறான். ஊன்றிய கையின் பாரத்தில் நூற்றுக்கு 80 பங்கு அளவில் மணிக்கட்டில் ஆரை எலும்பின்மேல் வந்து விழுகிறது. ஆனால் முழங்கையை எட்டுகையில் அதன் பங்கு ஏறத்தாழ 60 ஆகக் குறைந்து, மீதி அல்னாவுக்குப் போய்விடுகிறது. ஆரை எலும்பு மேல்நோக்கித் தள்ளப்படும் அக்கணத்தில், சாய்ந்து கிடந்த நார்கள் விறைத்துப் பாரத்தின் ஒரு பகுதியைப் பக்கத்து எலும்புக்குக் கைமாற்றிவிடுவது இந்த மாற்றத்தில் பெரும் பங்கு வகிக்கிறது. தகட்டின் நடுவிலுள்ள தடித்த பட்டையே இதில் தலைமை வேலைக்காரன். இத்தனை பெரிய பொறுப்பை ஏற்றிருக்கும் ஒரு கட்டுநாரை வைத்திய உலகம் முதலில் கண்டும், பிறகு கண்ணில் படாததாக விட்டும், மறுபடி தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்தும் வந்த வரலாறு, நான் அறிந்த வரையில், எலும்பு வைத்தியத்தின் வரலாற்றிலேயே மிகுந்த சுவாரசியமுள்ள கிளைக்கதைகளில் ஒன்று.

அக்கதை தொடங்குவதற்குப் பொருத்தமான இடம் ருஷ்யாவின் பனிக் கரை. மகா பீட்டர் என்ற சக்கரவர்த்தி சதுப்பு நிலத்தில் எழுப்பிய பீட்டர்ஸ்பர்க் நகரத்திற்கு வித்துவான்களையும் விநோதப் பொருள்களையும் ஒரே ஆவேசத்தோடு சேகரித்தவர்; ஆம்ஸ்டர்டாமில் ரூய்ஷ் என்பவர் வாழ்நாளெல்லாம் பதப்படுத்தி வைத்திருந்த மனித உறுப்புகளின் தொகுதியை 1717-இல் 30,000 கில்டர் கொடுத்து மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றினவர். அவர் திட்டமிட்டு, அவர் மறைவுக்குப் பின் 1725-இல் செயல்படத் தொடங்கிய விஞ்ஞான அகாடமிக்கு ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளிலிருந்து இளைஞர்கள் பலர் போனார்கள். அவர்களுள் கணிதத்தில் ஆய்லர் பெற்ற கீர்த்தியை உலகம் அறியும். வூர்ட்டம்பர்க் நாட்டிலிருந்து போன யோசியாஸ் வைட்பிரெக்ட்டை எலும்பு வைத்தியர்கள் மட்டுமே அறிவார்கள், அவர்களிலும் சிலரே.

எலும்புகளைப்பற்றியும் தசைகளைப்பற்றியும் பெரும் பெரும் நூல்கள் வந்துகொண்டிருந்த காலத்தில், அவற்றைக் கட்டி நிறுத்தும் நார்களுக்கென்றே தனியாக ஒரு நூல் வேண்டும் என்று வைட்பிரெக்ட்டுக்குத் தோன்றியது. சவத்தைக் கீறுகிறவன் தசையைக் காண்பதற்காக நார்களை வெட்டித் தள்ளுவான், எலும்பைக் காண்பதற்காகச் சுரண்டி எறிவான். அப்படி எறியப்படுவதையே முதன்மையாகக் கொண்டு, தலை முதல் கால்வரை ஒவ்வொரு கட்டையும் அளந்து, சித்திரங்களோடு, 1742-இல் 'சின்டெஸ்மாலஜியா' என்னும் லத்தீன் நூலை அவர் வெளியிட்டார். முன்கையின் மேற்பகுதியில், சவ்வின் நார்கள் ஓடும் திசைக்கு நேரெதிராக, அல்னாவிலிருந்து கீழ்நோக்கிச் சாய்ந்து ஆரை எலும்பைப் பற்றும் மெல்லிய கயிறு ஒன்று இருக்கிறது. அது இன்றும் அவர் பெயராலேயே வைட்பிரெக்ட் நார் என்று வழங்குகிறது. மனித சரீரத்தில் தம் பெயரை விட்டுச் செல்ல எத்தனையோ பேர் ஆசைப்பட்டார்கள்; இவருக்குக் கிடைத்ததோ பெரிய உபயோகம் உண்டா இல்லையா என்று பின்வந்தவர்கள் தர்க்கம் செய்துகொண்டே இருக்கும் ஒரு நூலிழை. ஆயினும் நார்களைத் தனியே பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் என்ற பெருமை அவருடையது.

சவச்சாலையில் அறிந்தது நோயாளியின் படுக்கைக்கு வந்து சேர வெகுகாலம் பிடித்தது. அடுத்த காட்சி மிலான் நகரத்து ஆஸ்பத்திரி. மான்டெஜ்ஜியா என்ற ரண வைத்தியர் தம் நூலொன்றில், 1814-இல், ஒரு பெண்ணின் கையைப்பற்றி எழுதிவைத்திருப்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு அம்மனிதர்மேல் மதிப்புப் பெருகுகிறது. விழுந்து அடிபட்டு வந்த அவளுக்கு அல்னா எலும்பின் மேற்பகுதி முறிந்திருப்பதாக முடிவு செய்து அவர் கட்டுப் போட்டார். ஒரு மாதம் கழித்துக் கட்டை அவிழ்த்துக் கையை நீட்டிப் பார்க்கையில், ஆரை எலும்பின் தலை இருக்க வேண்டிய இடத்தைவிட்டு எம்பிக்கொண்டு வந்தது. அழுத்தினால் உள்ளே போயிற்று. விட்டால் வெளியே வந்தது. மறுபடி கட்டிப் பார்த்தும் அது அடங்கவில்லை. இதையெல்லாம் மறைக்காமல், வருத்தத்தோடு நினைவுகூர்வதாக அவர் பதிவு செய்தார். ஆரை எலும்பின் தலை ஒரு வட்டத் தட்டுப்போல இருப்பது. அதைச் சுற்றி முக்கால் வட்டத்துக்கும் மேலாக ஒரு நார் வளையம் தழுவி, மீதி வட்டத்தை அல்னாவின் பள்ளம் நிறைவு செய்ய, அந்த வளையத்துக்குள்தான் தலை சுழல்கிறது. அல்னா முறிந்து வளைந்தபோது தலை அவ்வளையத்தைவிட்டு நழுவியிருந்தது. எலும்பு முறிவை மட்டும் கவனித்தவருக்கு நழுவல் தப்பிப் போயிற்று. (சிறு குழந்தையைக் கையைப் பிடித்து வெடுக்கென்று தூக்கும்போது நழுவுவதும் இதே வளையம்தான். குழந்தை கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீரிட்டழ, விஷயம் அறிந்தவர் கையை மலர்த்தி முழங்கையை மடக்கியதும், ஒரு சிறு சொடுக்கோடு எல்லாம் சரியாகிவிடுவது வீடுகளில் அவ்வப்போது நடக்கும் அதிசயம்.)

அதே 1814-ஆம் ஆண்டில் டப்ளினில் கோலிஸ் என்பவர், மணிக்கட்டுக்கு அருகே ஆரை எலும்பு முறியும் விதத்தை முதன்முதலாகத் தெளிவுபட விவரித்தார். இருவருக்கும் உள்ளே பார்க்கும் சாதனம் எதுவும் இல்லை. கண்டதெல்லாம் விரல்நுனியால் கண்டது. வெளியே தெரியும் வீக்கம், அழுத்தினால் நொறுங்கும் ஓசை, நிமிர்த்தினால் நிற்கிறதா நழுவுகிறதா என்னும் சோதனை, இவையே அவர்களுக்குப் பிரமாணம். புத்தூர்க் கட்டுக்காரரும், வேல்ஸ் நாட்டு ஆங்கில்சித் தீவில் பரம்பரையாக எலும்பு கட்டி வந்த தாமஸ் குடும்பத்தாரும் இதே பள்ளியில் பயின்றவர்கள். பட்டதாரி வைத்தியர்கள் இவர்களை ஏளனம் செய்ததும், ஏளனம் செய்தவர்களே தங்கள் பிசகிய தோளைத் தூக்கிக்கொண்டு இவர்களிடம் ஒளிந்து ஒளிந்து போனதும் எல்லாத் தேசத்துக்கும் பொதுவான கதை.

1895-ஆம் வருஷம் நவம்பரில் வூர்ட்ஸ்பர்க் நகரத்துப் பேராசிரியர் ரோண்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டார். டிசம்பரில் தம் மனைவியின் கையைப் படமெடுத்தார். எலும்புகளும் மோதிரமும் விழுந்திருந்த அந்தப் படம் புதுவருஷம் பிறந்ததும் ஐரோப்பாவெங்கும் பரவ, சில மாதங்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரிகளில் முறிவுகளைப் படமெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அதனால் விளைந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு எண்ணமில்லை. ஆயினும் ஒரு விபரீதமும் உடன் வந்தது. எலும்பு படத்தில் விழுகிறது, நார் விழுவதில்லை. கயிற்றுக் கட்டிலைப் படமெடுத்தால் சட்டங்கள் மட்டும் தெரிந்து கயிறு மாயமாகிவிடும் விந்தை அது. ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைத் தூக்கிப் பிடித்து, "எலும்புக்கு ஒன்றுமில்லை" என்று வைத்தியர் சொல்லும் வாக்கியத்தைக் கேட்டு நிம்மதியடையாதவர் நம்மில் யார்? நானும் ஒருமுறை அப்படி நிம்மதியடைந்து, ஆறு மாதம் வலியோடு எழுதினவன். விரலால் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தொழில், கண்ணால் பார்க்கத் தொடங்கியதும், கண்ணில் படாததை இல்லாததாகவே பாவிக்கப் பழகிற்று என்பது என் அபிப்பிராயம்.

பழகாதவர்களும் இருந்தார்கள். அதே மிலானில், மான்டெஜ்ஜியாவுக்கு 120 வருஷங்களுக்குப் பின், கலேயாட்ஸி என்ற எலும்பு வைத்தியர், ஆரை எலும்பு கீழ்ப்பகுதியில் முறியும்போது மணிக்கட்டருகே அல்னாவின் நுனி கட்டறுந்து விலகிவிடுவதை 18 நோயாளிகளிடம் கண்டு 1934-இல் வெளியிட்டார். இங்கிலாந்தின் ஆஸ்ட்லி கூப்பர் நூறாண்டுகளுக்கு முன்பே அதைக் குறிப்பிட்டிருந்தபோதிலும், இன்று உலகம் அதைக் கலேயாட்ஸியின் பெயரால்தான் அழைக்கிறது. ஆக, மேல் முனையில் ஒரு மிலான்காரர், கீழ் முனையில் ஒரு மிலான்காரர். முன்கை என்பது இரண்டு எலும்புகளும் இரண்டு முனைப் பூட்டுகளும் சேர்ந்த ஒரே சட்டம், அதில் ஒரு பக்கம் முறிந்து குறுகினால் இன்னொரு பக்கம் எங்கேயாவது விட்டுக்கொடுத்தே தீரவேண்டும் என்ற உண்மையை இருவருமாகப் பாதி பாதியாகக் காட்டிவிட்டார்கள். நடுவிலிருக்கும் சவ்வின் சங்கதிதான் பாக்கி.

அது வெளிப்படுவதற்கு ஒரு தவறான சிகிச்சையும் ஒரு புதுவகை ஆஸ்பத்திரியும் ஓர் உலக யுத்தமும் வேண்டியிருந்தன. சிகிச்சை இது: கையை ஊன்றி விழுகையில் ஆரை எலும்பின் வட்டத் தலை அப்பளம்போல் நொறுங்குவதுண்டு, நொறுங்கிய துண்டுகளைப் பொருத்த வழியில்லாமையால், தலையையே அறுத்து எடுத்துவிடுவது வழக்கமாயிற்று. பெரும்பாலோருக்கு அதனால் பாதகமில்லை. சிலருக்கோ, சில மாதங்கள் கழித்து, அடிபட்ட முழங்கையை விட்டுவிட்டு மணிக்கட்டு வலிக்கத் தொடங்கிற்று. சுண்டுவிரல் பக்கத்தில் எலும்பு முண்டாகத் துருத்திக்கொண்டு, கையைக் கவிழ்க்கவும் மலர்த்தவும் முடியாமற் போயிற்று. முழங்கையில் சிகிச்சை செய்துகொண்டவன் மணிக்கட்டு வலியென்று வந்தால், முந்திய விபத்தோடு அதைச் சேர்த்து யோசிப்பவர் அபூர்வம்.

புதுவகை ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் முன்கதை வேண்டும். மேலே சொன்ன ஆங்கில்சிக் குடும்பத்து வாரிசாகிய ஹியூ ஓவன் தாமஸ் முறையாக வைத்தியப் பட்டம் பெற்று லிவர்பூலில் தொழில் நடத்தினார். அவரிடம் கற்ற மருமான் ராபர்ட் ஜோன்ஸ், 1888-இல் மான்செஸ்டர் கப்பல் கால்வாய் வெட்டும் ஆயிரக்கணக்கான கூலியாட்களுக்குத் தலைமை வைத்தியராகி, கால்வாய்க் கரை நெடுகிலும் மூன்று ஆஸ்பத்திரிகளையும் முதலுதவி நிலையங்களையும் நிறுவி, விபத்துக்கென்றே ஒரு வைத்திய ஏற்பாடு சாத்தியம் என்று காட்டினார். வியன்னாவில் லோரன்ஸ் பேலர், முறையான சிகிச்சை கொடுத்தால் ஊனத்துக்குக் கட்ட வேண்டிய உதவித்தொகை குறையும் என்று இன்ஷூரன்ஸ்காரர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டி, 1925-இல் தொழிலாளர் விபத்து ஆஸ்பத்திரி ஒன்றைத் திறந்தார். கருணை சாதிக்காததைக் கணக்குச் சாதித்தது. மூன்றாவதாக, 1941-இல், குண்டு வீச்சுக்கும் ஆயுதத் தொழிற்சாலை விபத்துகளுக்கும் இடையே திணறிக்கொண்டிருந்த பர்மிங்ஹாமில், பாத் ரோ என்னும் தெருவிலிருந்த பழைய குவீன்ஸ் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில், வில்லியம் கிஸ்ஸேன் தலைமையில் பர்மிங்ஹாம் விபத்து ஆஸ்பத்திரி தோன்றியது. அடிபட்டு வருகிறவனை அனுபவமில்லாத இளம் வைத்தியரிடம் விட்டுவிடும் பழைய சம்பிரதாயத்துக்கு மாறாக, முதல் நாள் சிகிச்சை முதல் திரும்ப வேலைக்குப் போகும்வரை ஒரே குழுவினர் கவனித்துக்கொள்வது என்னும் கொள்கை அங்கே நிலைபெற்றது. முதலில் முழங்கை என்று வந்தவன் மூன்று மாதத்துக்குப் பின் மணிக்கட்டென்று வந்தாலும் அதே கண்கள்தான் அவனைப் பார்க்கும். நம் சவ்வின் கதைக்கு இது மிகவும் முக்கியம்.

யுத்தத்தின் பங்கு ஆகாயத்திலிருந்து வந்தது. 1940 ஜூனில் சர்ச்சில், 5,000 பாரசூட் வீரர்களாவது வேண்டுமென்று கேட்க, மான்செஸ்டருக்கு அருகே ரிங்வே என்ற விமானத் தளத்தில் பயிற்சி தொடங்கிற்று. மனிதர்களை ஆயிரக்கணக்கில் வானத்திலிருந்து தரையில் இறக்குவது என்பது, வைத்தியனுடைய கண்ணால் பார்த்தால், விழுவதைப்பற்றிய ஒரு மாபெரும் பரிசோதனை. கால்களைச் சேர்த்து இறங்கிப் பக்கவாட்டில் உருள வேண்டும், கையை ஊன்றவே கூடாது என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ஆனால் விழுகிற மனிதனின் கை தானாகவே தரையைத் தேடும். வான்வழிப் படைப்பிரிவில் ரண வைத்தியராக இருந்த பீட்டர் எஸெக்ஸ்-லோப்ரெஸ்டி என்ற இளைஞர் இக்காயங்களையெல்லாம் சிரத்தையோடு குறித்துவைத்து, பாரசூட் குதிப்பின் ஆபத்துகளைப்பற்றி 1946-இல் விரிவான கட்டுரை எழுதினார். உயரத்திலிருந்து வரும் விசை எலும்பின் நீளவாட்டில் எப்படி ஏறுகிறது, எங்கே தங்குகிறது, எதை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது என்னும் விஷயத்தில் அவருக்கு ஏற்பட்ட பழக்கம், யுத்தம் முடிந்து பர்மிங்ஹாம் விபத்து ஆஸ்பத்திரிக்கு வந்தபின்பும் போகவில்லை. குதிகால் எலும்பு முறிவுகளை அவர் வகைப்படுத்திய முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதுவும் உயரத்திலிருந்து விழுகிறவனுக்கு வரும் காயமே என்பது கவனிக்கத்தக்கது.

1951 மே மாதத்தில் பிரிட்டிஷ் எலும்பு வைத்தியப் பத்திரிகையில் அவர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். நோயாளிகள் இரண்டே பேர். இருவருக்கும் ஆரை எலும்பின் தலை நொறுங்கியிருந்தது, அதே சமயத்தில் மணிக்கட்டுப் பூட்டும் விலகியிருந்தது. மேலேயும் கீழேயும் ஒரே விபத்தில் இருவேறு காயங்கள் என்று கொள்ளாமல், நீளவாட்டில் ஏறிய ஒரே விசை கீழ்ப்பூட்டை அறுத்து, நடுச் சவ்வைக் கிழித்து, மேலே தலையை நொறுக்கியிருக்கிறது என்று அவர் படித்தார். அங்கிருந்து சிகிச்சை பற்றிய முடிவு தானே வந்தது: சவ்வு கிழிந்த கையில், ஆரை எலும்பு மேல்நோக்கி வழுக்காமல் தடுப்பது அந்த உடைந்த தலை ஒன்றுதான்; அதையும் அறுத்தெறிந்தால் தடுக்க யாருமில்லை. ஆகவே இயன்றவரை தலையைக் காப்பாற்றவேண்டும், இயலாவிட்டால் செயற்கைத் தலையேனும் வைக்கவேண்டும் என்றார். இதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன் கர், கோ என்ற இருவர் இத்தகைய காயமொன்றை விவரித்திருந்தார்கள். அமெரிக்காவில் கெல்லாக் ஸ்பீட் என்பவர் 1941-இலேயே உலோகக் குப்பி வைத்துப் பார்த்திருந்தார். ஆனாலும் சட்டம், பூட்டு, கயிறு மூன்றையும் ஒரே பார்வையில் இணைத்தது 1951-இன் அந்தக் கட்டுரைதான். அடுத்த மாதமே எஸெக்ஸ்-லோப்ரெஸ்டி திடீரென்று காலமானார். வயது 35. அவர் நிகழ்த்தியிருந்த குதிகால் பற்றிய சொற்பொழிவு அடுத்த வருஷம்தான் அச்சேறிற்று.

பின்வந்த கதையை விரைந்து சொல்லிவிடலாம். சிலிக்கோன் என்னும் ரப்பர் போன்ற பொருளில் தலை செய்து வைத்தார்கள். அது பாரம் தாங்காமல் நொறுங்கவே, உலோகத் தலைக்குத் திரும்பினார்கள். 1989-இல் அமெரிக்காவில் ஹாட்ச்கிஸ் என்பவரும் அவர் சகாக்களும் சவங்களின் முன்கைகளை இயந்திரத்தில் வைத்து அழுத்தி, தலை நீக்கப்பட்ட முன்கையின் விறைப்பில் நூற்றுக்கு 71 பங்கு சவ்வின் நடுப்பட்டையிலிருந்து வருவதாகவும், மணிக்கட்டின் முக்கோண நாரிலிருந்து வருவது 8 பங்கே என்பதாகவும் அளந்தார்கள். கயிறு சும்மா கட்டப்பட்டிருக்கவில்லை என்பதற்கு எண்ணும் கிடைத்துவிட்டது. ஆனால் அறுந்த கயிறு எளிதில் சேர்வதில்லை. கிழிந்த வாயினூடே பக்கத்துத் தசை பிதுங்கி நுழைந்து, இரண்டு ஓரங்களையும் ஒன்றுகூட விடாமல் தடுத்துவிடுகிறது. பிற இடத்திலிருந்து நாரை எடுத்துக் குறுக்கே கட்டும் முயற்சிகள் நடந்துகொண்டேயிருக்கின்றன; எதுவும் இன்னும் முற்றிலும் திருப்தி தருவதாக இல்லை. காந்தப் படமும் ஒலிப்படமும் வந்தபின் சவ்வு ஒருவாறு படத்தில் விழத் தொடங்கியிருக்கிறது. ஆனால் விபத்தன்று இரவில் யார் எடுக்கிறார்கள்? 1992-இல் மேயோ மருத்துவமனையார் இத்தகைய 20 நோயாளிகளைக் கணக்கெடுத்தபோது, அடிபட்ட சமயத்திலேயே காயம் இன்னதென்று அறியப்பட்டவர்கள் 5 பேர்தான். கட்டுரை வெளிவந்து நாற்பது வருஷங்களுக்குப் பிற்பட்ட நிலைமை இது. பர்மிங்ஹாம் விபத்து ஆஸ்பத்திரியோ அதற்கு அடுத்த வருஷம், 1993-இல், மூடப்பட்டது.

இன்றைக்கு இத்தொழிலை நன்றாகக் கற்ற வைத்தியர் ஒருவர், முழங்கை வலியென்று வந்தவனுடைய எக்ஸ்ரேயில் ஆரை எலும்பின் தலை உடைந்திருப்பதைக் காண்பாரானால், படத்தை மேஜைமேல் கவிழ்த்துவைத்துவிட்டு, அடிபடாத இடமென்று அவன் நினைத்துக்கொண்டிருக்கும் மணிக்கட்டைப் பிடித்து, கட்டைவிரலால் அழுத்தி, அங்கிருந்து முன்கையின் நடுவழியாக மெல்ல மெல்ல மேலே தடவிக்கொண்டே, "இங்கே வலிக்கிறதா? இங்கே?" என்று கேட்டுக்கொண்டு வருவார்.